நாக்கு வேலை

ஜோதிமணி சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க பேக்கிங் லைனில் எப்போதும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். களி உருண்டை, கொள்ளுக் கடைசல், மூடியில் தனியாகப் பச்சை மிளகாய். களியைக் கிள்ளி விழுங்கிவிட்டு மிளகாயைக் காம்பு வரை ஒரே கடியாகக் கடிப்பாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்க்கும். அப்போது அவள் முகம் குளித்துவிட்டு வந்தவள் முகம் போலத் தெளிந்துவிடும்.

"எப்பிடிக்கா? எனக்குப் பாத்தாலே வயிறு எரியுது," என்பாள் பக்கத்தில் உட்காரும் சௌமியா. லைனில் பாட்டிலுக்கு மூடி போடுகிறவள், கல்யாணமாகாத பெண்.

"அந்தக் காரம் தலைக்கு ஏறி மெல்ல எறங்குது பாரு, அப்ப ஒரு சொகம். அதுக்கோசரந்தான் சாப்பிடறதே."

ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் கூலி வீட்டில் பிறந்தவள் ஜோதிமணி. புருஷன் சென்றாயன் பாகலூரில் ரோஜாப் பூ வளர்க்கும் பசுமைக் குடிலில் வேலைக்குச் சேர்ந்தபோது மகள் சுவேதாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். சாந்தம்மா என்கிற கன்னடக்காரியின் லைன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. சுவேதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஓசூர் போகும் வழியில் இருந்த மிளகாய் சாஸ் கம்பெனியில் ஜோதிமணியும் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலை.

ஒருநாள் அவள் மிளகாய் கடிப்பதை ஹரீஷ்குமார் பார்த்துவிட்டான். தரம் பார்க்கும் பிரிவுக்கு அவன்தான் அதிகாரி. உத்தனப்பள்ளியில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், சின்ன வயசு. சாஸ் கம்பெனியில் வேலை பார்த்தாலும் தினமும் தயிர்சாதம்தான் கொண்டுவருவான், வயிற்றுக்கு ஆகாது என்று.

"அக்கா, நாளைக்கு என் ரூமுக்கு வாங்க. ஒரு டெஸ்ட் வைக்கணும்," என்றான்.

ஏசி போட்ட அறை. சின்னச் சின்னக் காகிதக் கப்புகளில் சிவப்பாக சாஸ். எது காரம் கம்மி, எது அதிகம் என்று வரிசையாக அடுக்கச் சொன்னான். அடுக்கினாள். ஹரீஷ்குமார் கப்புகளின் அடியைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினான். காரத்தை அளக்க மிஷின் ஒன்று உண்டு, ஆனால் அது பெங்களூரு லேபில் இருக்கிறது, சாம்பிள் அனுப்பினால் பதில் வர நாளாகிறது, அதுவரை சாஸ் ட்ரம்மை வைத்துக்கொண்டு உட்கார முடியாது என்றான். அடுத்த வாரத்திலிருந்து ஜோதிமணிக்கு வெள்ளைக் கோட்டு, உட்கார நாற்காலி. கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. ஸ்பூனால் எடுத்து நாக்கில் வைத்து, ஒன்றாம் நம்பர் காரமா ஐந்தாம் நம்பர் காரமா என்று சொன்னால் போதும்.

"குடுத்து வெச்சவ," என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சென்றாயனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"தின்றதுக்குச் சம்பளமா?"

"தின்னத்தாங்க. நாக்குக்கு வேல."

கொஞ்ச காலம் அந்த வேலை விளையாட்டு மாதிரி இருந்தது. குண்டூர் மிளகாயின் காரம் நாக்கு நுனியில் சட்டென்று குத்தும், உடனே போய்விடும். ஊசி மிளகாய் ஒன்றும் தெரியாதது போல இருந்துவிட்டுத் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நகராது. பேடகி மிளகாயில் நிறம்தான், காரம் பேருக்கு. எல்லாம் அவளுக்குப் பழகிய மனுஷர்கள் மாதிரி ஆனது. தண்ணீர் குடித்தால் காரம் வாயெல்லாம் பரவும் என்பது முன்பே தெரியும். ஒரு வாய் குளிர்ந்த பாலை முதலிலேயே குடித்துவிட்டால் நாக்கில் ஏடு படர்ந்த மாதிரி கொஞ்சம் தாங்கும் என்பதை இங்கே கற்றுக்கொண்டாள். நடுநடுவே வெள்ளரித் துண்டு, ரொட்டி, ஒரு சிட்டிகை சர்க்கரை. எல்லாம் முடிந்ததும் ஒரு டம்ளர் மோர்.

பிறகு வடநாட்டு நொறுக்குத்தீனிக் கம்பெனி ஒன்றிலிருந்து புதிய ஆர்டர் வந்தது. தின்றவன் அலற வேண்டும், அலறியதை வீடியோ எடுத்துப் போட வேண்டும், அப்படி ஒரு காரம் வேண்டுமாம். நாகாலாந்திலிருந்து மிளகாய்த் தூள் மூட்டைகள் இறங்கின. ஒவ்வொரு நாளும் புதிது புதிதாகக் கலந்து கொண்டுவந்து வைத்தார்கள். கூட ருசி பார்த்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். ஜோதிமணி ஒருத்திதான்.

அந்தக் காரம் வேறு ஜாதி. காது அடைத்தது. பல் ஈறு விண்விண் என்று தெறித்தது. பாலும் சர்க்கரையும் ஒன்றும் செய்யவில்லை. ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அடுத்த கப்புக்குக் காத்திருப்பாள். கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது வயிற்றுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி இருக்கும். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்கிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். எழுந்து இறங்குவதுகூடப் பாரமாக இருந்தது.

ஒருநாள் சாந்தம்மா கொடுத்த டீ வெந்நீர் போல இருந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டாள் என்று நினைத்துக் குடித்து வைத்தாள். மறுநாளும் அப்படியே. அந்த வாரத்திலேயே கேண்டீனில் மிளகாயைக் கடித்தபோது அவரைக்காயைப் பச்சையாக மென்றது போலிருந்தது. இன்னொன்று எடுத்தாள். அதற்கடுத்து இன்னொன்று.

"யம்மா, இன்னைக்கு மூணு!" என்று சௌமியா கைதட்டினாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஜோதிமணிக்குப் பயமாக இருந்தது. யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டப்பாவை மூடினாள்.

வீட்டுச் சமையலில்தான் வினை வந்தது. குழம்பைக் கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள், சப்பென்று இருக்கும், இன்னொரு கரண்டி தூள் போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவேதா முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து குழாயடிக்கு ஓடினாள். வாயைக் குழாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"தண்ணி குடிக்காத கண்ணு, இன்னும் எரியும்!" ஜோதிமணி பின்னாலேயே ஓடி, மகளின் வாயில் வெல்லக் கட்டியைத் திணித்தாள். தயிரை விரலில் எடுத்து உதட்டில் தடவினாள். பிள்ளையின் உதடு சிவந்து தடித்திருந்தது.

"இனிமே பாத்துப் போடறன்," என்றாள்.

பார்த்துத்தான் போட்டாள். பாதியாகக் குறைத்துவிட்டதாக நினைத்தாள். அதன் பிறகு சுவேதா அழவில்லை, சென்றாயனும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தாள்.

இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிய பிறகு, மத்தியானமே சமைத்து வைத்துவிட்டுப் போனால் அப்பனும் மகளும் விளக்கு வைத்த பிறகு போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு சாயங்காலம் கம்பெனியில் பாய்லர் பழுதாகி எல்லோரையும் பாதியில் அனுப்பிவிட்டார்கள். ஜோதிமணி பஸ் இறங்கி நடந்து வந்தாள். வாசலில் சாந்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று விசாரிப்பது மட்டும் அவளுக்கு எப்போதும் கன்னடத்தில்தான் வரும்.

"ஊட்ட ஆய்த்தா ஜோதி? இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?"

கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தரையில் சென்றாயனும் சுவேதாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். சென்றாயன் குழம்புச் சட்டியிலிருந்து கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் தண்ணீரில் அலசி, பிழியாமல் மெதுவாக உதறி, மகளின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். முள் குத்திக் குத்தித் தழும்பான விரல்கள். கிண்ணத்துத் தண்ணீர் செங்கல் நிறமாகியிருந்தது.

"இன்னொரு தடவ கழுவுப்பா. இன்னும் எரியுது," என்றாள் சுவேதா.

"கழுவறன், கழுவறன். சோத்துல மோர ஊத்திக்க. அம்மாகிட்ட சொல்லிடாத, பாவம்."

ஜோதிமணி கதவைத் தள்ளினாள். சென்றாயன் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த கத்தரிக்காய்த் துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான்.

"எத்தினி நாளாங்க?"

"உடு. இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருந்திச்சி, அவ்ளோதான்."

"கேக்கறன் இல்ல?"

அவன் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான். "தீவாளிக்கு முன்னாடியிருந்து."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ வர்றப்ப உம் மூஞ்சியப் பாத்தா சொல்லத் தோணுமா? வந்து உழுந்தா போதும்னு வர. அதுல இது வேறயா."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். கிண்ணத்துத் தண்ணீரிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். பிறகு சட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றாள். இரண்டையும் நிதானமாக மென்றாள். அலசியதற்கும் அலசாததற்கும் அவள் நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெந்த காயின் வழவழப்பு மட்டும் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள்.

சுவேதா எழுந்து வந்து அவள் மடியில் உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, மடிக்குக் கனமாகிவிட்டிருந்தாள். "பரவால்லம்மா. கழுவுனா நல்லாத்தான் இருக்குது," என்றாள். ஜோதிமணி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மறுநாள் சென்றாயன் குடில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். நாக்கின் ஓரமெல்லாம் புண். வயிற்றை அமுக்கியபோது ஜோதிமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேலம்மா பாக்கறீங்க?"

சொன்னாள். டாக்டர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "நாக்கை வாடகைக்கு விட்டுட்டீங்களா? காரம் வாசனையே ஆகாது, ரெண்டு மாசத்துக்கு. மாத்திரைய வெறும் வயித்துல போடுங்க. ருசி திரும்பி வரும். எப்பன்னு சொல்ல முடியாது. அவசரப்படக் கூடாது."

கம்பெனிக்குப் போய் ஹரீஷ்குமார் முன்னால் நின்றாள். என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

"உக்காருங்க அக்கா," என்றான். அவன் முகமும் தூங்காத முகமாக இருந்தது. "போன வாரம் நீங்க மூணாம் நம்பர்னு சொன்ன ட்ரம்மு... லேப் ரிசல்ட் வந்திருக்கு. அஞ்சையே தாண்டுது. பாட்டில் போட்டு அனுப்பியாச்சு. இப்ப எல்லாத்தையும் திருப்பி வரவழைக்கணும். மேல என்னத்தான் கேக்கறாங்க."

"எனக்கு ருசி போயிடுச்சி சார். அதச் சொல்லத்தான் வந்தன். என்ன மறுபடியும் லைனுக்கே போட்டுடுங்க."

"நீங்க சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்."

விடுதலை கேட்டு வந்தவளுக்கு அந்த வார்த்தை உள்ளே எங்கோ தைத்தது. வேண்டாம் என்று அவளாக இறங்குவதற்கு முன்பே இறக்கிவிட்டிருந்தார்கள்.

"துப்பிடுங்கன்னு முதல்லயே சொன்னேன்லக்கா," என்றான் அவன், யாருக்கோ கணக்குச் சொல்வது போல.

"துப்புனா தொண்டக் காரம் தெரியாது, கொஞ்சம் முழுங்கிப் பாருங்கன்னு சொன்னதும் நீங்கதான் சார்."

ஹரீஷ்குமார் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில், "லேபிள்ல இடம் பாக்கறேன். நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வாங்க," என்றான்.

அவளுடைய நாற்காலிக்கு சௌமியாவை எடுத்தார்கள். மிளகாயைப் பார்த்தாலே வயிறு எரிகிறது என்று சொன்னவள், லைனில் இருந்தவர்களில் ஜோதிமணிக்கு அடுத்தபடி காரம் தாங்குகிறவள் நான்தான் என்று அவளே போய்க் கேட்டாளாம். வெள்ளைக் கோட்டு வாங்கிய அன்று காலையில், உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிமணி அருகில் போனாள்.

"எதையும் முழுங்காத சௌமியா. யாரு சொன்னாலும். பாலு பின்னாடி இல்ல, முன்னாடி. எரிஞ்சா தண்ணி குடிக்காத. ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு நீயே சொல்லிடு."

"சரிக்கா, சரிக்கா." சௌமியா காலரைச் சரிசெய்தாள். "உங்களுக்கு ஒத்துக்கல. அவங்கவங்க உடம்பு இல்ல?"

பொறாமையில் சொல்வதாக அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள் என்று ஜோதிமணிக்குப் புரிந்தது. விளக்கிச் சொல்லப் போனால் இன்னும் அப்படித்தான் தெரியும். தலையில் வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள். பெல்ட்டில் பாட்டில்கள் வந்தன. ஒட்டினாள். வந்துகொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஒரே நிறத்தில் இருந்தன. மோர்சோறு. இட்லி, தொட்டுக்கொள்ள சர்க்கரை. களியை மோரில் கரைத்துக் குடித்தாள், வெறும் மண்ணாக இறங்கியது. சாப்பிடுவது மாத்திரை போடுவது போல ஒரு வேலையாக ஆகிவிட்டது. கேண்டீனில் யாரும் இப்போது அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. குழம்புக்குத் தூள் போடும் பொறுப்பைச் சென்றாயன் எடுத்துக்கொண்டான். அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கி, "உப்பு பத்தல," என்று பெரிய சமையல்காரன் மாதிரி சொல்வான். அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அப்படியே தூங்கிவிடுவாள்.

இனிப்புதான் முதலில் வந்தது. சாந்தம்மா கொடுத்த டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்தினாள்.

"என்னாக்கா, சர்க்கரைய அள்ளிக் கொட்டிட்ட?"

"எப்பவும் போடறதுதான் போட்டேன்," என்றாள் சாந்தம்மா. பிறகு அவளுக்கே புரிந்து, "ஹவுதா, அப்படியா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

உப்பு வந்தது. புளிப்பு வந்தது. காரத்தை மட்டும் அவள் பரீட்சை செய்து பார்க்கவில்லை. வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்று அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் சௌமியா டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. டப்பாவைத் திறக்கவில்லை.

"அக்கா, அந்தப் பாலு... முன்னாடிதான குடிக்கணும்?"

"முன்னாடிதான்." ஜோதிமணி தன் மோரை அவள் பக்கம் நகர்த்தினாள். "முழுங்கறியா?"

சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்சந்தான்."

"வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம்."

ஷிப்டு முடிந்து இருவரும் ஹரீஷ்குமாரிடம் போனார்கள். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ருசி பார்க்க இன்னும் இரண்டு பேரைப் போட்டு முறை வைத்துப் பார்க்கலாம் என்று மேலே எழுதிக் கேட்பதாகச் சொன்னான். அடுத்த மாதம் ஒருத்தியைப் போட்டார்கள். அந்த அளவுக்குத்தான் ஆயிற்று.

சுவேதாவுக்கு ஷூ வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஓசூருக்குப் போனார்கள். கடைகடையாக ஏறி இறங்கியதில் கால் ஓய்ந்துபோய், பஸ் ஸ்டாண்ட் பக்கம் மசாலா பூரித் தள்ளுவண்டி அருகே நின்றார்கள். சுவேதாவுக்கும் சென்றாயனுக்கும் ஒவ்வொரு தட்டு சொன்னார்கள். வண்டிக்காரர் பட்டாணிக் குழம்பை ஊற்றி, பூரியை நொறுக்கிப் போட்டு, வெங்காயம் தூவி நீட்டினார். ஆவியோடு வாசனை வந்தது.

"எனக்கும் ஒண்ணு," என்றாள் ஜோதிமணி.

சென்றாயன் அவளைப் பார்த்தான்.

"காரம் போடவாம்மா?" வண்டிக்காரரின் கரண்டி பச்சைச் சட்னியின் மேல் நின்றது.

"கொஞ்சமா."

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முதல் ஸ்பூனை வாயில் வைத்தாள். முதலில் பட்டாணியின் மாவு ருசி, சோம்பு, வெங்காயம். பிறகு நாக்கின் நடுவில் சின்னதாக ஒரு சுருக்கு. அது பரவிக் கன்னத்துக்குள் போய்க் காது வரை ஏறியது. மூக்கு ஒழுகத் தொடங்கியது. அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

"எரியுதா?" சென்றாயன் பதறி எழுந்தான். "இரு, எதுக்கால கடையில தயிர் பாக்கெட் இருக்கும்."

"உக்காருங்க. எங்கயும் போவாதீங்க. எரியுது."

"அதான் கேக்கறன், எரியுதா?"

"எரியுதுங்க. நல்லா எரியுது."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். அந்தத் தட்டில் பாதிகூட முடியவில்லை. முன்பெல்லாம் இதைக் காரம் என்றே சொல்லியிருக்க மாட்டாள். மீதியைச் சென்றாயன் வாங்கித் தின்றான். சுவேதா தன் தட்டிலிருந்த காரமில்லாத பூரித் துண்டு ஒன்றை எடுத்து அம்மாவின் வாயில் போட்டாள். எரிச்சல் மெதுவாக அடங்குகிற வரை மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எழுந்திருக்க மனம் இல்லை.

பாகலூர் பஸ் கூட்டமாகத்தான் வந்தது. உட்கார இடமில்லை. புது ஷூ பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவேதா நின்றபடியே சென்றாயன் மேல் சாய்ந்து தூங்கினாள். ஜோதிமணி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அவளுக்கு முதல் ஷிப்டு. விடிவதற்கு முன்னால் எழ வேண்டும்.